எழுதும் முன் விரல்கள் பழகட்டும்

புறநகர்ப் பகுதிகளில் தனியார் மழலையர் பள்ளியைத் தேடும் பெற்றோர் பலர் கேட்கும் முதல் கேள்வி, “எப்போது எழுதச் சொல்லித் தருவீர்கள்?” என்பதே. நோட்டு நிரம்பினால் கட்டிய பணம் வீணாகவில்லை என்று நிறைவடைகிறார்கள். பள்ளிகளும் எல்.கே.ஜி.யிலேயே பென்சிலைக் கொடுத்துவிடுகின்றன.

‘கிண்டர்கார்டன்’ என்றால் ‘குழந்தைகளின் தோட்டம்’. 1840இல் இப்பெயரைச் சூட்டிய ஜெர்மானியக் கல்வியாளர் ஃபிரோபெல், பிள்ளைகள் கையில் முதலில் தந்தவை பந்துகளும் மரக்கட்டைகளும்தான். மூன்று, நான்கு வயதில் மணிக்கட்டு எலும்புகள் முழு வளர்ச்சி பெற்றிருப்பதில்லை. விரல்களின் சிறு தசைகளுக்கும் வலு குறைவு. அப்போது பக்கம் பக்கமாக எழுதவைத்தால் கை வலிக்கும்; பென்சிலைத் தவறாகப் பிடிப்பதே பழக்கமாகிவிடலாம். களிமண் பிசைதல், மணி கோத்தல், காகிதம் கிழித்தல், மணலில் விரலால் வரைதல் ஆகியவையே எழுத்துக்கான முதற்பயிற்சி. கதையும் பாட்டும் பேச்சும் வாசிப்புக்கான முதற்பயிற்சி.

முதல் வகுப்பு ஆசிரியர் இதை மனத்தில் கொள்ள வேண்டும். ஒரு குழந்தை ‘அ’ முதல் ‘ஃ’ வரை அழகாக எழுதும். இடையில் ஓர் எழுத்தைக் காட்டினால் விழிக்கும். இன்னொரு குழந்தை பென்சிலைத் தொட்டிராது. படத்தைக் காட்டினால் கதையே சொல்லும். முன்னது கெட்டி, பின்னது மந்தம் என முதல் வாரத்திலேயே முடிவுகட்டிவிடக் கூடாது. நோட்டைப் பார்க்கும் முன் இருவரையும் பேசவிட்டுக் கேட்போம். பெற்றோர் கூட்டத்திலும் இதை எடுத்துச் சொல்வோம்.