தனி ஆளுக்குக் கம்பெனி எதற்கு?

மாதச் சம்பளத்தை விட்டுவிட்டுத் தனியாக ப்ராஜெக்ட் எடுத்துச் செய்யக் கிளம்பும் ஐடி நண்பர்கள் முதல் மாதமே கேட்கும் கேள்வி, "கம்பெனி ரிஜிஸ்டர் பண்ணிடலாமா?" என்பதுதான். போதாக்குறைக்கு, சில ஆயிரம் ரூபாயில் பத்தே நாளில் டைரக்டர் ஆகலாம் என்று விளம்பரம் வேறு. இந்த வருடம் மூன்று பேருக்கு வாட்ஸ்அப்பில் பதில் தட்டியாயிற்று. நாலாவது ஆளுக்காக இங்கே எழுதி வைக்கிறேன்.

எதையுமே ரிஜிஸ்டர் பண்ணாமல் உங்கள் பேரில் இன்வாய்ஸ் போட்டு வேலை செய்தால், நீங்கள் ஏற்கெனவே ஒரு ப்ரொப்ரைட்டர். இதற்கென்று தனிச் சட்டமோ பதிவோ கிடையாது. உங்கள் பான்தான் தொழிலின் பான், உங்கள் வருமானவரிதான் தொழிலின் வரி. ஒரு பேர் வைத்துக்கொண்டு, உத்யம் அல்லது ஜிஎஸ்டி சான்றிதழ் மாதிரி ஆவணங்களைக் காட்டி அந்தப் பேரிலேயே கரண்ட் அக்கவுண்ட்டும் திறக்கலாம். பார்க்க ரொம்ப எளிமையாக இருப்பதால் இது ஏதோ தற்காலிக ஏற்பாடு என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் கதை வேறு.

1961ஆம் வருட வருமானவரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவு என்ன சொல்கிறது என்றால், வக்கீல், டாக்டர், எஞ்சினியர், ஆர்க்கிடெக்ட், ஐடி, தொழில்நுட்ப ஆலோசனை போன்ற பட்டியலிட்ட தொழில்களில் இருப்பவர், மொத்த வரவில் பாதியை லாபம் என்று காட்டிவிட்டுப் போகலாம். மீதிப் பாதி செலவு என்று அரசாங்கமே எடுத்துக்கொள்ளும். பில் கேட்காது, கணக்குப் புத்தகம் கேட்காது. வரம்பு 50 லட்சம். ரொக்கமாக வாங்கியது 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 75 லட்சம். வீட்டிலிருந்து லேப்டாப்பில் வேலை செய்பவருக்கு நிஜச் செலவு பாதி ஆவதே இல்லை. அந்த வித்தியாசம்தான் இங்கே சலுகை.

ஒரு உதாரணம். வருட வரவு 24 லட்சம், நிஜச் செலவு 4 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். வேறு வருமானம் இல்லை. 2025-26 நிதியாண்டு, புதிய வரிமுறை. ப்ரொப்ரைட்டராக இருந்தால் லாபம் 12 லட்சம். 12 லட்சம் வரை 87ஏ தள்ளுபடி இருப்பதால் வரி பூஜ்யம். அதே ஆள் ஒரு கம்பெனி வைத்து, மிச்சமான 20 லட்சத்தையும் தனக்கே டைரக்டர் சம்பளமாக எடுத்துக்கொள்கிறார் என்றால், 75,000 நிலைக்கழிவு போக 19.25 லட்சத்துக்கு வரி. செஸ்ஸோடு சேர்த்து 1,92,400 ரூபாய். ஆடிட் ஃபீஸ் தனி. வேலை அதே வேலை, கிளையன்ட் அதே கிளையன்ட்.

மனைவியைப் பார்ட்னராகப் போட்டு எல்எல்பி ஆரம்பிக்கலாமே என்று ஒரு யோசனை எப்போதும் வரும். 2008 சட்டப்படி குறைந்தது இரண்டு பேர் வேண்டும் என்பதால்தான் மனைவி. 44ஏடிஏ எல்எல்பிக்குக் கிடையாது. பார்ட்னர் சம்பளம் போக மிஞ்சும் லாபத்துக்கு, முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம். வரவு 40 லட்சத்துக்கும், போட்ட மூலதனம் 25 லட்சத்துக்கும் உள்ளே இருந்தால் ஆடிட் வேண்டாம், அது ஒன்றுதான் ஆறுதல். நிஜமாகவே இரண்டு பேர் சேர்ந்து செய்யும் தொழிலுக்கு நல்ல அமைப்பு. ஒருத்தர் செய்ய இன்னொருத்தர் கையெழுத்து மட்டும் போடும் தொழிலுக்கு வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

ஒரே ஆள் நடத்தும் கம்பெனி, அதாவது ஓபிசி, 2013 கம்பெனிச் சட்டத்தில் வந்தது. டர்ன்ஓவர் 2 கோடி தாண்டினால் மாறியே ஆகவேண்டும் என்றிருந்த விதி 2021 ஏப்ரலில் போய்விட்டது. ஆனால் டர்ன்ஓவர் பூஜ்யமாக இருந்தாலும் வருடாவருடம் ஆடிட் உண்டு. ஏஓசி-4, எம்ஜிடி-7ஏ என்று இரண்டு படிவம். தாமதமானால் படிவத்துக்கு ஒரு நாளைக்கு 100 ரூபாய், உச்சவரம்பு இல்லை. மூன்று வருடம் தொடர்ந்து விட்டுவிட்டால் டைரக்டர் பதவிக்கே ஐந்து வருடத் தடை. 2017இல் இப்படி 3 லட்சத்துக்கும் மேற்பட்ட டைரக்டர்கள் தகுதி இழந்தார்கள். திறக்கச் சில ஆயிரம் போதும். மூட வேண்டுமென்றால் அரசுக் கட்டணம் மட்டுமே 10,000, அதற்கு முன்னால் பாக்கிப் படிவம் எல்லாம் போட்டிருக்க வேண்டும். விளம்பரத்தில் இது வராது.

"ஆனா கேஸ் வந்தா வீடு போயிடுமே?" நியாயமான பயம்தான். ப்ரொப்ரைட்டருக்கும் அவருடைய சொத்துக்கும் நடுவில் சுவர் கிடையாது, கம்பெனிக்கு உண்டு. அந்தச் சுவரிலும் ஓட்டைகள் இருக்கின்றன. சின்னக் கம்பெனிக்குக் கடன் கொடுக்கும்போது வங்கி டைரக்டரின் சொந்த ஜாமீனைக் கேட்கும். மோசடி என்று நிரூபணமானால் கம்பெனி காப்பாற்றாது. ஆகவே நான் முதலில் பார்ப்பது ஒப்பந்தத்தை. "என் பொறுப்பு இந்த வேலைக்கு வாங்கிய தொகைக்கு மிகாது" என்ற ஒரு வரி அதில் இருக்கிறதா? இழப்பீட்டுப் பிரிவு எல்லையில்லாமல் எழுதியிருக்கிறதா? பெரிய வேலை என்றால் தொழில்முறை இழப்பீட்டு இன்சூரன்ஸ் இருக்கிறது. பேமென்ட் கேட்வே, மருத்துவ மென்பொருள் மாதிரி தவறினால் கோடிக்கணக்கில் போகும் வேலை செய்பவர் மட்டும் கம்பெனிச் சுவரையும் கட்டிக்கொள்ளட்டும், வரி கூடினாலும்.

ஜிஎஸ்டியை இதோடு குழப்ப வேண்டாம். சேவைக்கு வருட வரவு 20 லட்சம் தாண்டினால் (சில சிறப்பு மாநிலங்களில் 10) எந்த அமைப்பாக இருந்தாலும் பதிவு உண்டு. வெளிநாட்டுக் கிளையன்ட் என்றால் வருடாவருடம் எல்யூடி போட்டுவிட்டு வரியில்லாமல் பில் அனுப்பலாம்.

வரவு 75 லட்சம் தாண்டியாயிற்று, பணத்தை வீட்டுக்கு எடுக்காமல் தொழிலிலேயே விட்டுவைக்கப் போகிறீர்கள், ஆள் சேர்க்கிறீர்கள், பங்கு கொடுக்க வேண்டிய கூட்டாளி இருக்கிறார் என்றால் கம்பெனிக்கு அர்த்தம் வருகிறது. கம்பெனி வரி சுமார் 25 சதவீதம்தான். ஆனால் அதை டிவிடெண்டாக வெளியே எடுத்தால் உங்கள் கையில் இன்னொரு தடவை வரி. சில பெரிய நிறுவனங்கள் ப்ரைவேட் லிமிடெட்டாக இருந்தால்தான் வெண்டர் ஆக்குவோம் என்று அடம்பிடிக்கும். அந்த ஒரு கிளையன்ட்டின் தொகை, மேலே சொன்ன வித்தியாசத்தைவிடப் பெரிசா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ப்ரொப்ரைட்டராகவே இருப்பதென்று முடிவானால், உத்யம் பதிவை மட்டும் விட்டுவிடாதீர்கள். இணையத்தில் இலவசம். குறு, சிறு தொழிலுக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளில் பணம் தரவேண்டும் என்கிறது 2006 சட்டம். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக. 2023-24 நிதியாண்டிலிருந்து 43பி(எச்) பிரிவும் சேர்ந்துகொண்டது. கெடுவுக்குள் தராத தொகையை, தரும் வரைக்கும் அந்த நிறுவனம் தன் செலவாகக் காட்ட முடியாது. எனக்கு ஒரு நிறுவனம் ஐந்து மாதமாக "ப்ராசஸில் இருக்கு" என்றே பதில் சொல்லிக்கொண்டிருந்தது. மார்ச் முதல் வாரத்தில் உத்யம் எண்ணைக் குறிப்பிட்டு, இந்தப் பிரிவையும் சொல்லி, அவர்களுடைய அக்கவுண்ட்ஸ் ஆளுக்கு நாலு வரி மெயில் போட்டேன். 31ஆம் தேதிக்குள் பணம் வந்துவிட்டது, டிடிஎஸ் மட்டும் பிடித்துக்கொண்டு.