லீட்ரிமுக்கு ஒரு நாள் பிரயாணம்

பிரயாணம் புறப்படுவோர் பெரும்பாலும் போகும் வண்டியையே முதலில் விசாரிப்பர். ரயில்வே குமாஸ்தாவாகிய நானோ, திரும்பும் வண்டியை முதலில் குறித்துக்கொள்ளுங்கள் என்பேன். இவ்வழக்கம் அண்மையில் கடல் கடந்தும் பயன்பட்டது.

என் தங்கை அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினில் செவிலியாகப் பணிபுரிகிறாள். பெற்றோர் அவளைக் காணச் சென்றிருந்தபோது அவளுக்குக் கிடைத்த விடுமுறை ஒரே நாள். தந்தையாருக்கு நாட்டுப்புறம் பார்க்க ஆவல். தாயாருக்கோ மூட்டு வலி. "அண்ணா, நீங்களே ஒரு திட்டம் வகுத்துத் தாருங்கள்" என்று தங்கை கேட்டாள்.

நான் தேர்ந்தது லீட்ரிம் மாவட்டம். டப்ளின் கானலி நிலையத்திலிருந்து ஸ்லைகோ செல்லும் வண்டியில் ஏறினால், வண்டி மாறாமல், இரண்டு மணிக்குச் சற்று மேற்பட்ட நேரத்தில் காரிக்-ஆன்-ஷானன் என்னும் ஊரை அடையலாம். அந்நாட்டு இருப்புப்பாதையின் அகலம் 5 அடி 3 அங்குலம். நம் அகலப்பாதையைவிட 3 அங்குலம் குறைவு. காரிக்குக்கு முந்திய நிலையமாகிய ட்ரோமட்டிலிருந்து 3 அடிக் குறும்பாதை ஒன்றும் முன்னர் ஓடியது. 1887-ல் தொடங்கி, நிலக்கரி சுமந்து வாழ்ந்து, 1959-ல் அது மூடப்பட்டது.

ஒரு விந்தை: காரிக் நிலையம் இருப்பது அண்டை மாவட்டமாகிய ராஸ்காமனில். ஷானன் நதியின் பாலத்தைக் கடந்தால்தான் லீட்ரிம்.

திட்டத்தில் நான் எழுதியவை சிலவே. ஒரே ஊரைப் பாருங்கள். கிராமங்களுக்குப் பேருந்து அரிது. ஞாயிறன்று வண்டிகள் குறைவு. ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் உண்டு. டிசம்பரிலோ நாலரைக்குள் இருட்டிவிடும். எக்காலமாயினும் மழையங்கி வேண்டும். புளியோதரைப் பொட்டலம் கட்டிக்கொள்ளுங்கள்.

அவர்கள் அவ்வாறே சென்றனர். நதியில் படகுகளைக் கண்டனர். காஸ்டெல்லோ என்னும் வணிகர் 1877-ல் இறந்த தம் மனைவியின் நினைவாக எழுப்பிய மிகச் சிறிய தேவாலயத்தையும் கண்டனர். அதனுள் கணவன் மனைவி இருவர் பேழைகளும் இருபுறமும் கண்ணாடியின்கீழ் உள்ளன. பஞ்சகாலத்தில் ஏழைகள் அடைக்கலம் புகுந்த விடுதியின் மேல்மாடம் இன்று நினைவிடமாக இருக்கிறது. அதைக் காண முன்கூட்டியே விசாரித்துச் செல்லுதல் நலம்.

1841-ல் லீட்ரிமின் ஜனத்தொகை சுமார் 1,55,000. 1845-ல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது, பஞ்சம் வந்தது. மாண்டோர் பலர், கப்பலேறினோர் பலர். 1851-ல் எஞ்சியோர் சுமார் 1,12,000. பஞ்சம் தீர்ந்த பின்னும் பிழைப்புத் தேடி ஊரை விட்டுப் போவது நிற்கவில்லை. 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 35,000 பேரே.

தங்கை இக்கணக்கைப் பாலத்தின்மீது நின்று சொன்னபோது, தாயார் நெடுநேரம் நதியையே பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு, "போனவர்களில் யாரும் ஊரைப் பார்க்கத் திரும்பி வரவில்லையா, அம்மா?" என்று கேட்டாராம். தங்கைக்கு அதற்கு மறுமொழி கூற இயலவில்லை. தானும் மூன்றாண்டுகளாக ஊர் வரவில்லை என்பது அப்போதுதான் அவள் நினைவுக்கு வந்ததாம்.

குறித்த வண்டியில் மூவரும் டப்ளின் திரும்பினர். அன்றிரவே அவள் என்னிடம் கேட்டது வேறொரு திட்டம்: வரும் பொங்கலுக்கு ஊர் வர எந்த நாளில் புறப்பட வேண்டும் என்பது.

அயலூரில் பிள்ளைகளுள்ள நம் சங்கத்து அன்பர்களும் இத்தகைய ஒரு நாளை வகுத்துப் பார்க்கலாம். திரும்பும் வண்டியை மட்டும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.