யாருக்கும் சொல்லாத வருத்தம்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு வீதியால் கிழக்கே சில கிலோமீற்றர் போனால் முரசுமோட்டை. இரணைமடுத் தண்ணீர் பாயும் வயல் ஊர். களை பிடுங்குவது, கச்சான் ஆய்வது, விறகு கட்டிச் சுமப்பது என்று பெண்களின் கைபடாத வேலை இங்கே குறைவு. போருக்குப் பின் குடும்பத்தைத் தனியே இழுக்கும் பெண்கள் கிளிநொச்சி மாவட்டத்தில் ஏராளம். அவர்களிடம் போய் “பாரம் தூக்காதையுங்கோ” என்பது சோற்றுக்கு வழி சொல்லாத புத்திமதி.

அந்தப் பாரம் முதுகோடு நிற்பதில்லை. இடுப்புக்கூட்டின் அடியில், முன்னெலும்பிலிருந்து வாலெலும்பு வரை ஒரு தசைத்தளம் விரிந்திருக்கிறது. சலப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்குவதும், சலமும் மலமும் போகும் வழிகளை இறுக்கிப் பிடிப்பதும் இதுதான். பிள்ளையைச் சுமந்த எடையாலும் பிரசவத்தில் இழுபடுவதாலும் இது தளரும். ஓயாத இருமல், முக்கிப் போகும் மலச்சிக்கல், மாதவிடாய் நின்றபின் குறையும் ஓமோன் எல்லாம் மேலும் தளர்த்தும். சிசேரியன் செய்தவர்களும் முற்றாகத் தப்புவதில்லை.

பிறகு தும்மினால் சலம் சிந்தும். வாளி தூக்கினால் சிந்தும். சிலருக்குக் கீழே ஏதோ இறங்கி நிற்பதுபோல ஒரு கனம். “பிள்ளை பெத்த உடம்பெண்டா அப்பிடித்தான்” என்று மூத்தவர்கள் சொல்ல, கதை அத்தோடு முடிந்துவிடும். 31ஆம் நாள் துடக்குக் கழியும்வரை சுடுதண்ணீர் வார்த்து, சரக்குக்கறி கொடுத்து இருத்தி வைக்கும் நம் வழக்கத்தைக் கேலி செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை; அதில் ஓய்வு இருக்கிறது. ஆனால் அதற்கடுத்த நாளே தண்ணீர்க் கானைத் தூக்கக் கொடுத்துவிடுகிறோமே!

நேபாளத்தில் இந்த வருத்தம் நீதிமன்றம் வரை போனது. பிள்ளை பெற்ற கையோடு பாரம் சுமக்கும் பெண்களிடையே கர்ப்பப்பை இறக்கம் பரவியிருந்ததை முன்வைத்த வழக்கில், அதை இனப்பெருக்க உரிமையோடு சேர்த்தே பார்த்து 2008இல் தீர்ப்பளித்தது அந்நாட்டு உச்ச நீதிமன்றம்.

தளர்ந்த தசையைப் பயிற்சியால் பலப்படுத்தலாம். 1948இலேயே அமெரிக்க மருத்துவர் ஆர்னல்ட் கெகல் இதை எழுதிவிட்டார். காற்றையும் சலத்தையும் ஒருசேர அடக்குவதுபோல உள்ளே இறுக்கி மேலே இழுக்க வேண்டும். சில விநாடி பிடித்து, முழுதாகத் தளர்த்த வேண்டும். தளர்த்துவதும் பயிற்சிதான், பலர் அதை விட்டுவிடுகிறார்கள். மூச்சை அடக்கக்கூடாது, தொடையையோ பிட்டத்தையோ இறுக்கக்கூடாது. ஒரு தடவைக்கு எட்டுப் பத்து முறை, நாளுக்கு மூன்று தடவை, குறைந்தது மூன்று மாதம். அடுப்படியிலும் செய்யலாம், பஸ்ஸிலும் செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. சலம் கழிக்கும்போது இடையில் நிறுத்திப் பழகுவது மட்டும் வேண்டாம். பாரம் தூக்கித்தான் ஆக வேண்டுமென்றால், முதலில் தசையை இறுக்கி, மூச்சை வெளியே விட்டபடி தூக்குங்கள். தும்மலுக்கும் இதே உபாயம்.

இறக்கம் கூடியவர்களுக்கு உள்ளே வைக்கும் வளையம் உண்டு, சத்திரசிகிச்சையும் உண்டு. கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் எல்லாம் சரி என்ற எண்ணம் தவறு. தளம் தளர்ந்திருந்தால் மற்ற உறுப்புகள் இறங்கலாம். சலத்தில் இரத்தம் கண்டாலோ, சலம் அடைத்துக்கொண்டாலோ பயிற்சி செய்து பார்த்துக்கொண்டிருக்காமல் வைத்தியரிடம் போக வேண்டும்.

யாரிடம் கேட்பது? வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தரிடமே கேட்கலாம். குழந்தையின் நிறை பார்க்க வருபவரிடம் தாய் தன் உடம்பையும் சொல்லட்டும். 1996 முதல் நடந்துவரும் சுகவனிதையர் கிளினிக்கிலும் சொல்லலாம். கிளிநொச்சி மாவட்ட வைத்தியசாலையில் நெதர்லாந்து உதவியுடன் பெண்களுக்கான சிறப்பு மையமே 2024 மே மாதத்தில் திறக்கப்பட்டிருக்கிறது.

இன்னொன்று ஆண்களுக்கு. வயலில் மறைவிடம் இல்லாததால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல், வந்த சலத்தையும் அடக்கிக்கொண்டு வேலை செய்யும் பெண்கள் இருக்கிறார்கள். சலக்கிருமித் தொற்றும் மலச்சிக்கலும் அங்கிருந்தும் வரும். வாய்க்கால் தண்ணீரும் பசளையும் பேசும் கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில், வயற்கரையில் பெண்களுக்கு ஒரு மலசலகூடம் என்ற கோரிக்கையையும் ஒருவர் எழும்பிச் சொல்லலாம்.