வேகத்தடையில் வயிறு வலித்ததா?

அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்கு வரும் மாணவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன்: “உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிய பிறகே நோயாளியின் வயிற்றைத் தொடுங்கள்.” சில்லென்ற கை பட்டால் நல்ல வயிறுகூட இறுகும். அப்புறம் எது கூச்சம், எது நோய் என்று பிரித்தறிய முடியாது.

எனக்குச் சொந்த ஊர் அய்யலூர். வியாழக்கிழமை ஆட்டுச் சந்தை முடிந்த பிறகுதான் எங்கள் பக்கத்து ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். “நேத்து ராத்திரியே வலிதான். சந்தைய விட்டுட்டு எப்பிடி சார் வர்றது?” என்பார்கள். அதற்குள் வீட்டில் குடலேற்றம் என்று எண்ணெய் தடவி வயிற்றை உருவியிருப்பார்கள், விளக்கெண்ணெயும் கொடுத்திருப்பார்கள். வலிக்குக் காரணம் குடல்வால், அதாவது அப்பெண்டிக்ஸ் என்றால், இந்த இரண்டுமே ஆபத்து. வீங்கிய குடல்வால் உடைந்து சீழ் வயிற்றுக்குள் பரவிவிடலாம்.

பெருங்குடல் தொடங்கும் இடத்தில் சுண்டுவிரல்போல ஒட்டியிருக்கும் குழாய் அது. அதன் வாய் அடைபட்டால் வீங்கும். முதலில் தொப்புளைச் சுற்றி மந்தமாக வலிக்கும். குடல்வாலின் நரம்புகளும் தொப்புள் பகுதித் தோலின் நரம்புகளும் தண்டுவடத்தில் ஒரே மட்டத்தில் சேர்வதே காரணம். சில மணி நேரத்தில் வீக்கம் வயிற்றின் உட்சவ்வைத் தொடும். வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கும். தொப்புளுக்கும் வலது இடுப்பெலும்பின் முனைக்கும் ஒரு கோடு இழுத்தால், எலும்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் இருக்கிறது அந்த இடம். நியூயார்க்கின் அறுவைச் சிகிச்சை மருத்துவர் சார்லஸ் மெக்பர்னி 1889இல் அதை எழுதிவைத்தார்.

வலி முதலில், பசியின்மையும் வாந்தியும் பிறகு. பெரும்பாலும் இந்த வரிசைதான். வாந்தியும் பேதியும் முந்திக்கொண்டால் வேறு காரணத்தையும் தேடுவேன். பெண் என்றால் கடைசி மாதவிலக்கு எப்போது என்று கட்டாயம் கேட்கச் சொல்வேன். கருக்குழாயில் தங்கிய கருவாலும் இதே இடத்தில் வலிக்கலாம்.

இன்னொரு கேள்வி எனக்குப் பிடித்தமானது: “வர்ற வழியில வேகத்தடையில வண்டி ஏறி இறங்குனப்ப வலி கூடுச்சா?” இங்கிலாந்தில் இதை ஆராய்ந்து 2012இல் வெளியிட்டார்கள். குடல்வால் அழற்சி உறுதியான 34 பேரில் 33 பேர் ‘ஆமாம்’ என்றிருந்தார்கள். மற்ற வயிற்று நோய்க்காரர்களிலும் பலர் அப்படியே சொன்னதால், இதை வைத்து மட்டும் முடிவெடுக்க முடியாது. ‘வலிக்கவில்லை’ என்ற பதில்தான் அதிகம் உதவும்.

தள்ளிப்போடுவது சந்தைக்காரர்கள் மட்டுமல்ல. 1902இல் பிரிட்டன் மன்னர் ஏழாம் எட்வர்டும் முடிசூட்டு விழாவைத் தள்ளிவைக்க எளிதில் சம்மதிக்கவில்லை. விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, ஜூன் 24 அன்று, குடல்வால் சீழ்க்கட்டியைத் திறந்து வடித்தார்கள். முடிசூட்டு ஆகஸ்ட் 9இல் நடந்தது.

வயிற்று வலி மணிக்கு மணி கூடினால், வலது பக்கம் இறங்கினால், எதுவும் சாப்பிடாமல் கிளம்புங்கள். வலி எப்போது, எங்கே தொடங்கியது என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். கடுமையான வலி சட்டென்று அடங்கினாலும் வீடு திரும்பாதீர்கள். குடல்வால் உடைந்ததாலும் அப்படி ஆகலாம். வண்டி இல்லையென்றால் 108ஐ அழையுங்கள்.