கொடுங்கோலின் கணக்குப்பிள்ளைகள் – 11: டைப்ரைட்டரின் கைரேகை

போன வாரம் ருமேனியாவில், 1966-ல் கருக்கலைப்புக்குத் தடை போட்ட 770-ஆம் எண் ஆணையோடு நிறுத்தியிருந்தேன். அந்நாட்டுச் சர்வாதிகாரி சௌசெஸ்கு யார், எப்படி வந்தார் என்பதெல்லாம் பழைய இதழ்களில் இருக்கிறது. மறுபடி ஆரம்பித்தால் தொடர்ந்து படிப்பவர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

இந்த வாரம், செக்கோஸ்லோவாக்கியா மீதான சோவியத் படையெடுப்பைக் கண்டித்து 1968-ல் அவர் பேசிய பால்கனிப் பேச்சைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் குறிப்புகளைப் புரட்டியபோது 98 என்று எண்ணிட்ட இன்னொரு ஆணை கையில் சிக்கிவிட்டது. நான்கு நாளாக அதை விட்டு வெளியே வர முடியவில்லை. பால்கனி எங்கேயும் ஓடிவிடாது.

1983 மார்ச் 28. அன்று ருமேனியாவில் வந்த அந்த ஆணை, வீட்டில் டைப்ரைட்டர் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் போலீஸிடம் அனுமதி வாங்க வேண்டும் என்றது. துப்பாக்கிக்கு லைசென்ஸ் வாங்குவதுபோல டைப்ரைட்டருக்கு. லைசென்ஸோடு விஷயம் முடியவில்லை. அந்த மெஷினில் அடித்த மாதிரித் தாள் ஒன்றை ஸ்டேஷனில் கொடுக்க வேண்டும். வருஷா வருஷம் ஆரம்ப மாதங்களில் மறுபடி கொடுக்க வேண்டும். மெஷின் பழுதாகிச் சரிசெய்தாலும் புதிதாக ஒரு தாள். யாருக்கும் இரவல் தரக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது. பொது ஒழுங்குக்கு ஆபத்தானவர் என்று போலீஸுக்குத் தோன்றினால் அனுமதி கிடையாது. நகலெடுக்கும் இயந்திரத்தை, அதாவது நம் ஊர் ஜெராக்ஸ் மெஷினை, தனியார் வைத்திருக்கவே கூடாது.

மாதிரித் தாள் எதற்கு என்று கேட்பவர்கள் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வாசலை மிதிக்காதவர்களாக இருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு விடுமுறையில் என்னை லோயர் பரீட்சைக்குச் சேர்த்துவிட்டார்கள். வரிசையாக ஆறு பழைய ரெமிங்டன். மூன்றாவது மெஷினில் ஆங்கில ‘ஈ’ எழுத்தின் கண் மையால் அடைத்திருக்கும். ஐந்தாவதில் ‘டி’ எப்போதும் அரை மயிரிழை மேலே ஏறி நிற்கும். மாஸ்டர் தாளை வாங்கி ஒரு நொடி பார்ப்பார். “ஏண்டா, அஞ்சாம் நம்பர்ல உட்காராதேன்னு சொன்னேனா இல்லையா?” என்பார். நான் அங்கே உட்கார்ந்ததை அவர் பார்த்திருக்கவே மாட்டார். ஒரே கம்பெனியில் ஒரே நாளில் செய்த இரண்டு மெஷின்கள்கூட, நாலு வருஷம் விரல் பட்ட பிறகு இரண்டு விதமாக எழுதும். எழுத்து தேயும், சாயும், ஓரம் உடையும். ஆளுக்குக் கைரேகை மாதிரி மெஷினுக்கு அது.

எங்கள் மாஸ்டருக்குத் தெரிந்தது ருமேனியாவின் ரகசியப் போலீஸான செகுரிதாத்தேவுக்கும் தெரிந்திருந்தது. மாஸ்டரிடம் ஆறு மெஷின். அவர்களிடம் ஒரு நாடு.

இதில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது ஒரு காட்சி. ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் புகாரெஸ்ட்டில் பனி கொட்டும். டைப்ரைட்டர் வைத்திருக்கும் ஒருவர், மொழிபெயர்ப்பாளர் என்று வைத்துக்கொள்வோம், தன் வழக்கு இன்னும் பிறக்காதபோதே அதற்கான சாட்சியத்தைத் தானே தயாரித்து, தானே கொண்டுபோய், ஸ்டேஷன் மேசையில் வைக்கிறார். யாரும் அவர் வீட்டுக் கதவை உடைக்கவில்லை. அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாவுக்கும் அவர் மேல் பகை இல்லை. தாளை வாங்கி, முத்திரை குத்தி, கோப்பில் போட்டுவிட்டு, “அடுத்தவர்” என்பதோடு அவர் வேலை முடிந்தது.

பழைய ராஜாக்கள் கொடுமை செய்யவில்லையா? செய்தார்கள். ஆனால் குடிமகன் ராத்திரி வீட்டில் உட்கார்ந்து என்ன எழுதுகிறான் என்று பார்க்க அவர்களிடம் ஏடும் இல்லை, ஆளும் இல்லை. நவீன சர்வாதிகாரிக்குப் பள்ளிக்கூடம் படித்த குமாஸ்தாக்கள் கிடைத்தார்கள், படிவம் கிடைத்தது, ரப்பர் ஸ்டாம்ப் கிடைத்தது. இந்தத் தொடருக்குக் கணக்குப்பிள்ளைகள் என்று பெயர் வைத்ததன் காரணம் இதுதான். பதினோரு வாரமாகச் சொல்கிறேன், இன்னும் சொல்வேன்.

ஆணைக்கு முந்தைய வருஷங்களையும் பார்க்க வேண்டும். 1980-ல் போலந்தில் சாலிடாரிட்டி தொழிற்சங்கம் எழுந்தபோது துண்டுப் பிரசுரங்கள் கைமாறிக் கைமாறிப் போயின. 1982-ல் ருமேனியாவுக்குள்ளேயே, ஒராதியா நகரத்தில், ‘எல்லன்போன்டோக்’ என்ற ஹங்கேரிய மொழி இதழை டைப் அடித்து ரகசியமாக விநியோகித்தார்கள். அந்த வருஷக் கடைசிக்குள் அதை நடத்தியவர்களைப் போலீஸ் பிடித்துவிட்டது. அடுத்த மார்ச்சில் ஆணை.

அப்படியானால் டைப்ரைட்டரே வேண்டாம், நோட்டுப் புத்தகத்தில் கையால் எழுதிக்கொள்கிறேன் என்றால்? கியோர்கே உர்சு அதைத்தான் செய்தார். புகாரெஸ்ட்டில் பொறியாளர், கவிஞர். பல வருஷமாக நாட்குறிப்பு எழுதிவந்தார். அதை எடுத்துச் செகுரிதாத்தேவிடம் சேர்த்தவர்கள் கூட வேலை பார்த்தவர்கள். 1985 செப்டம்பரில் கைது. நவம்பரில், காவலில் வாங்கிய அடிகளால் இறந்துபோனார்.

இந்த மார்ச் 28 என்ற தேதியை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தேடியதில் இன்னொன்று கிடைத்தது. சரியாக ஒன்பது வருஷம் முன்பு, 1974 மார்ச் 28 அன்றுதான் சௌசெஸ்கு ருமேனியாவின் முதல் ஜனாதிபதி ஆனார். அவருக்காகவே உண்டாக்கிய பதவி. பதவியேற்பில் கையில் என்ன வைத்திருந்தார் தெரியுமா? கோல். கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் கையில் ராஜாக்கள் பிடிக்கிற கோல்! கொடுங்கோல் என்று நம் மொழி ஆட்சிக்கு வைத்த பெயர் வெறும் உருவகம் என்று நினைத்திருந்தேன். இந்த மனிதர் நிஜமாகவே ஒன்றைப் பிடித்திருக்கிறார்.

ஓவியர் சல்வடோர் தாலி சும்மா இருப்பாரா? ஜனாதிபதிக் கோலை அறிமுகப்படுத்திய வரலாற்றுச் சாதனையைப் பாராட்டுவதாகத் தந்தி அடித்தார். கட்சிப் பத்திரிகை ‘ஸ்கின்தேயா’ அதை மற்ற வாழ்த்துகளைப் போலவே அச்சில் போட்டது. இது கிண்டல் என்று ஒரு உதவி ஆசிரியருக்குக்கூடவா தோன்றியிருக்காது? ஆனால் தோன்றியதைச் சொல்ல வேண்டுமானால், தலைவரின் கோல் சிரிப்புக்கு இடமானது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்த வாயை யார் திறப்பது? எல்லா ஊர்க் குமாஸ்தாக்களையும் போல, வந்த தாளை அவர்களும் கோப்பில் சேர்த்தார்கள்.

இந்தக் கிளைக்கதைக்கு இவ்வளவு இடம் கொடுத்திருக்கக் கூடாது. இதழ் முடிக்கிற நேரத்தில் ஆசிரியர் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்.

முடிவைச் சொல்லிவிடுகிறேன். 1989 டிசம்பர் 25 அன்று தர்கோவிஷ்டே நகரத்தில் ராணுவ விசாரணை ஒன்றை அவசரமாக நடத்தி முடித்து, சௌசெஸ்குவையும் அவர் மனைவி எலெனாவையும் சுட்டுக் கொன்றார்கள். மறுநாள், டிசம்பர் 26, புதிய ஆட்சியின் முதல் சட்டம் வந்தது. பழைய சட்டங்களை ரத்து செய்யும் சட்டம் அது. பட்டியலில் போன வாரம் பார்த்த 770-ஆம் எண் ஆணை இருந்தது. 98-ஆம் எண் டைப்ரைட்டர் ஆணையும் இருந்தது. ஊரில் துப்பாக்கிச் சத்தம் ஓய்வதற்கு முன்பே, டைப்ரைட்டரின் மாதிரித் தாளை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று எழுதிவைக்க வேண்டியிருந்தது.

1968 ஆகஸ்டில் பால்கனிக்குக் கீழே நின்று கைதட்டியவர்களை யாரும் மிரட்டவில்லை. மனசாரத் தட்டினார்கள். பதினைந்து வருஷம் கழித்து மாதிரித் தாளோடு ஸ்டேஷனுக்குப் போனதும் அதே தலைமுறைதான். அந்தக் கைதட்டல் அடுத்த வாரம், இந்த முறை நிச்சயமாக. அதுவரை, உங்கள் வீட்டுப் பரணில் பழைய டைப்ரைட்டர் இருந்தால் இறக்கி ஒரு தாள் அடித்துப் பாருங்கள். எந்த எழுத்து சாய்ந்திருக்கிறது என்று உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அது சின்ன விஷயம் இல்லை.

(தொடரும்)