தண்ணீர் கலந்தால் புளிப்பு போகுமா?

மளிகைக் கடையில் வினிகர் விற்கிறோம், கழிவறை கழுவும் ஆசிட் விற்கிறோம், ஆப்ப சோடா, சலவைச் சோடா, சுண்ணாம்பு, பிளீச்சிங் பவுடர், எலுமிச்சை உப்பு எல்லாம் விற்கிறோம். இவற்றில் சில அமிலம், சில காரம். இவற்றைப் பற்றி வணிகர்களிடையே பொதுவாக இரண்டு எண்ணங்கள் உண்டு. தண்ணீர் கலந்துவிட்டால் ஆசிட் "சாதுவாகி" விடும் என்பது ஒன்று. வினிகரில் யாராவது தண்ணீர் கலந்திருந்தால் காகிதத்தை நனைத்துப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம் என்பது மற்றொன்று. இரண்டுமே சரியல்ல. முதல் எண்ணத்தால் உடம்புக்கு ஆபத்து. இரண்டாவதால் லைசென்சுக்கு ஆபத்து. ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

அமிலத்தின் வேகத்தையும் காரத்தின் வேகத்தையும் அளக்க உலகம் முழுவதும் பயன்படும் அளவுகோலுக்கு பி.எச். என்று பெயர். 1909ஆம் ஆண்டில் சோரன்சன் என்ற விஞ்ஞானி இதை வகுத்துக் கொடுத்தார். அவர் வேலை பார்த்த இடம் டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பர்க் என்ற பீர் கம்பெனி நடத்திய ஆய்வுக்கூடம். ஆக, இந்த அளவுகோல் பிறந்ததே சரக்குத் தயாரிக்கிற இடத்தில்தான்! தூய தண்ணீருக்கு 7. அதற்குக் கீழே போகப் போக அமிலம் கூடும், மேலே போகப் போகக் காரம் கூடும்.

இந்த எண் தராசில் எடைபோடுவது போன்ற கணக்கல்ல என்பதை முதலில் மனதில் கொள்ள வேண்டும். ஓர் எண் குறைந்தால் அமில வேகம் பத்து மடங்கு கூடியது என்று பொருள். இரண்டு எண் குறைந்தால் நூறு மடங்கு. மூன்று குறைந்தால் ஆயிரம் மடங்கு.

இப்போது கழிவறை ஆசிட்டை எடுத்துக்கொள்வோம். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். மொத்த வியாபாரத்தில் கேனில் வருவது ஏறத்தாழ 30 சதவீதச் சரக்கு. இதில் ஒரு லிட்டரை எடுத்து 10 லிட்டர் ஆகும்வரை தண்ணீர் ஊற்றினால் பி.எச். சுமார் 0. நூறு லிட்டர் ஆக்கினால் 1. மொட்டை மாடியில் இருக்கும் 1,000 லிட்டர் தொட்டி நிறையத் தூய தண்ணீர் இருந்து அதில் இந்த ஒரு லிட்டரைக் கலந்தாலும் 2தான் வரும். கிட்டத்தட்ட எலுமிச்சைச் சாற்றின் அளவு. 10,000 லிட்டர் தண்ணீர் லாரியில் ஊற்றினால் 3. அத்தனை தண்ணீருக்குப் பிறகும் அது அமிலமாகத்தான் நிற்கும். (நம்மூர்க் கிணற்று நீரிலும் போர் நீரிலும் கரைந்திருக்கும் உப்புகள் அமிலத்தின் ஒரு பகுதியை முறித்துவிடும். அது தண்ணீர் கலந்ததால் வந்த பலன் அல்ல, உப்பு செய்த வேலை.) எவ்வளவு தண்ணீர் சேர்த்தாலும் பி.எச். 7ஐ நோக்கி நகருமே தவிர, அதைத் தாண்டிக் காரமாக மாறாது. காரத்தில் தண்ணீர் கலந்தாலும் அப்படித்தான், மேலிருந்து 7ஐ நோக்கி இறங்கும், தாண்டாது.

சில கடைகளில் கேன் ஆசிட்டைப் பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டுச் சில்லறையில் கொடுக்கிறார்கள். பாதிக்குப் பாதி கலந்தால் பி.எச். மாறுவது 0.3 மட்டுமே. தோலுக்கும் கண்ணுக்கும் அந்த வித்தியாசம் தெரியப்போவதில்லை. இப்படிக் கலந்ததைக் காலியான தண்ணீர் பாட்டிலிலோ கூல்டிரிங்க்ஸ் பாட்டிலிலோ ஊற்றிக் கொடுப்பதுதான் நமக்குப் பெரிய கவலையாகத் தெரிகிறது. ஆசிட்டுக்கும் தண்ணீருக்கும் பார்வைக்கு வேற்றுமை இல்லை. வீட்டில் குழந்தை எடுத்துக் குடித்துவிட்டால், "பாதி தண்ணீர்தானே" என்று தொண்டை விட்டுவிடாது.

ஆசிட் விற்பனையைப் பற்றி 2013 ஜூலை மாதம் லக்ஷ்மி எதிர் இந்திய ஒன்றியம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவு பலருக்கும் நினைவிருக்கும். வாங்குபவரின் விவரமும் அளவும் எழுதிய பதிவேடு இல்லாமல் கடையில் ஆசிட் விற்கக் கூடாது. வாங்குபவர் அரசு வழங்கிய புகைப்பட அடையாள அட்டையைக் காட்டி, எதற்காக வாங்குகிறார் என்றும் சொல்ல வேண்டும். 18 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக் கூடாது. இருப்பை 15 நாட்களுக்குள் உரிய நிர்வாகத்துறை நடுவர் அதிகாரம் பெற்ற கோட்ட அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும்; தெரிவிக்காத இருப்புக்குப் பறிமுதலும் ரூ.50,000 வரை அபராதமும் உண்டு. தண்ணீர் கலந்து விற்கிற சரக்கையும் இந்தப் பதிவேட்டில் ஏற்றிவிடுவதே வியாபாரிக்குக் காப்பு என்பது நமது கருத்து. மேலே சொன்ன பி.எச். கணக்கே அதற்குக் காரணம்.

அடுத்தது வினிகர். இங்கேதான் கணக்கு வேறு விதமாகப் போகிறது.

வினிகரில் இருப்பது அசிட்டிக் அமிலம். இது மென்மையான அமிலம். மென்மை என்றால் என்ன என்பதை நம் கடை வழக்கிலேயே சொல்லலாம். ஆசிட் வியாபாரி தன்னிடம் உள்ள அத்தனை மூட்டையையும் கடை வாசலில் அடுக்கி வைத்திருப்பவர் போல. கிடங்கில் ஒன்றும் இல்லை. வினிகர் வியாபாரியிடம் ஆயிரம் மூட்டை இருந்தால் வாசலில் வைத்திருப்பது ஐந்துதான். மிச்சம் 995 மூட்டை கிடங்கில். பி.எச். காகிதம் என்பது தெருவில் நின்று வாசலை மட்டும் பார்த்துவிட்டுப் போகிற ஆள். அவருக்குக் கிடங்கு தெரியாது.

தண்ணீர் சேர்க்கும்போது என்ன ஆகிறது? ஆசிட்டுக்குக் கிடங்கு இல்லாததால், பத்து மடங்கு தண்ணீருக்கு வேகம் சரியாகப் பத்தில் ஒன்றாகிறது, பி.எச். ஓர் எண் ஏறுகிறது. வினிகரிலோ தண்ணீர் சேரச் சேரக் கிடங்கிலிருந்து மூட்டைகள் வாசலுக்கு வருகின்றன. ஆயிரத்துக்கு ஐந்தாக இருந்தது, பத்து மடங்கு நீர்த்ததும் பதினாறாகிவிடுகிறது. அதனால் பி.எச். ஓர் எண் ஏறாமல் அரை எண் மட்டுமே ஏறுகிறது. 4 சதவீத வினிகரின் பி.எச். சுமார் 2.5. பாதிக்குப் பாதி தண்ணீர் ஊற்றி 2 சதவீதம் ஆக்கினால் 2.6. பத்தில் ஒன்றாக்கி 0.4 சதவீதம் ஆக்கினாலும் 3.0தான்! கடையில் கிடைக்கும் பி.எச். காகிதத்தின் நிறத்தை வைத்து 2.5க்கும் 2.6க்கும் வித்தியாசம் சொல்ல யாராலும் முடியாது.

ஆகவே சப்ளையர் காகிதத்தை நனைத்துக் காட்டி, "பாருங்கள், சரியான புளிப்பு" என்று சொன்னால் அதை நம்பிச் சரக்கு இறக்கக் கூடாது. உணவுப் பாதுகாப்பு விதிகள் வினிகருக்கு பி.எச்.சை அளவாக வைக்கவில்லை. அசிட்டிக் அமிலம் 3.75 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்றே வைத்திருக்கின்றன. அதாவது வாசலைப் பார்ப்பதில்லை, கிடங்கையும் சேர்த்து மொத்த இருப்பு எடுக்கிறார்கள். மாதிரி எடுத்துப் போன அதிகாரி சோதனைக்கூடத்தில் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எவ்வளவு காரம் செலவாகிறது என்று பார்ப்பார். அங்கே பாதித் தண்ணீர் பாதித் தண்ணீராகத்தான் தெரியும். அந்தச் சரக்கைப் பொட்டலமாகக் கட்டி விற்ற பெயர் நம்முடையதாக இருந்தால் வழக்கும் நம் மேல்தான். அசிட்டிக் அமிலத்தைத் தண்ணீரில் கலந்து செய்தது என்றால் அது செயற்கை வினிகர் என்று லேபிளில் இருக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

சோதனைக்கூடம் போகாமல் கடையிலேயே ஓரளவு பார்க்க ஒரு வழி உண்டு. 100 மில்லி வினிகரைக் கண்ணாடி டம்ளரில் எடுத்து, பொன் எடை பார்க்கும் சிறிய தராசில் நிறுத்த ஆப்ப சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்க வேண்டும். நுரை அடங்கி, போட்ட சோடா பொங்காமல் கிடக்கும் வரை போட வேண்டும். 4 சதவீத வினிகர் சுமார் 5½ கிராம் சோடாவைச் சாப்பிடும். விதியின் கீழ் எல்லையான 3.75 சதவீதத்துக்கு 5¼ கிராம். மூன்று கிராமிலேயே நுரை நின்றுவிட்டால் சரக்கில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். இது நுட்பமான சோதனை அல்ல. ஆனால் பாதி தண்ணீரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இதிலும் ஒரு சூது உண்டு. தண்ணீர் கலந்தவர் புளிப்பை ஈடுகட்டக் கொஞ்சம் கந்தக அமிலமோ ஹைட்ரோகுளோரிக் அமிலமோ சேர்த்திருந்தால் சோடா சோதனையில் தப்பிவிடுவார். இது விதிப்படி அறவே கூடாதது. இந்தச் சூதைப் பிடிக்கத்தான் பி.எச். காகிதம் உதவும்! நல்ல வினிகர் 2.5 பக்கம் காட்டும். கலப்பட அமிலத்துக்குக் கிடங்கு இல்லை, எல்லாம் வாசலில் நிற்பதால் காகிதம் 1.5, அதற்கும் கீழே என்று போகும். 2க்குக் கீழே காட்டும் வினிகரைத் திருப்பி அனுப்பிவிடுவதே நல்லது.

நீர்த்த வினிகரால் வாடிக்கையாளருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம், பி.எச். தான் மாறவில்லையே! பாட்டிலில் இருக்கும் வரை மாறவில்லை. ஊறுகாய் ஜாடியில் போன பிறகு காய்கறி தன் சாற்றை விடுகிறது, அதில் உள்ள பொருள்கள் அமிலத்தை உறிஞ்சிக்கொள்கின்றன. அப்போது கிடங்கில் இருப்பு இருந்தால்தான் தாக்குப்பிடிக்கும். ஊறுகாயின் பி.எச். 4.6க்குக் கீழே இருக்கும் வரை போட்டுலிசம் என்னும் நோயை உண்டாக்கும் கொடிய நஞ்சைச் சுரக்கும் கிருமி அதில் வளராது. இருப்பில்லாத வினிகர் அந்தக் கோட்டைத் தாண்ட விட்டுவிடும்.

காரப் பொருள்களிலும் இதே இரண்டு வகை உண்டு. காஸ்டிக் சோடா ஆசிட்டைப் போல. பத்து மடங்கு தண்ணீருக்கு ஓர் எண் இறங்கும். லிட்டருக்கு 40 கிராம் கரைத்தால் 14, நான்கு கிராமுக்கு 13. இரண்டுமே தோலை அரிக்கும். சலவைச் சோடா வினிகர் வகை. லிட்டருக்குப் பத்து கிராம் கரைத்தால் சுமார் 11.6, ஒரு கிராம் கரைத்தால் 11க்குப் பக்கம். ஆப்ப சோடா இந்த இரண்டிலும் சேராது. கூடக் கரைத்தாலும் குறையக் கரைத்தாலும் 8.3ஐ விட்டு அதிகம் நகராது. சமையலுக்கு அது ஒத்துப்போவதற்கு இதுவும் ஒரு காரணம். "சோடா கொடுங்கள்" என்று கேட்பவரிடம் எதற்கு என்று கேட்காமல் சலவைச் சோடாவை மடித்துக் கொடுத்தால் 8.3க்குப் பதில் 11க்கு மேல் வாயில் போகும். இரண்டு டப்பாவும் ஒரே அலமாரியில் இருக்கும் கடைகளைப் பார்த்திருக்கிறோம். தனித்தனியே வைப்பது உசிதம்.

சுண்ணாம்பின் கதை இன்னும் விசித்திரம். நீற்றிய சுண்ணாம்புப் பானையின் மேலே நிற்கும் தெளிநீரின் பி.எச். சுமார் 12.4. அதில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக் கலக்கித் தெளிய வைத்தால்? மறுபடி 12.4தான்! ஒரு லிட்டர் தண்ணீரில் சுண்ணாம்பு 1.7 கிராம் போலத்தான் கரையும்; அடியில் கரையாத சுண்ணாம்பு இருக்கும் வரை ஊற்றிய தண்ணீருக்கு அது ஈடு கொடுத்துக்கொண்டே இருக்கும். வெள்ளையடிக்கும் தொழிலாளி கண்ணில் தெறித்தால் "தண்ணியாத்தான் இருந்தது" என்று அசட்டையாக இருக்கக் கூடாது.

கடையில் ஆசிட் சிந்திவிட்டால் தண்ணீரை மட்டும் ஊற்றிப் பரப்பிவிடுவது மொசைக் தரை முழுவதையும் கெடுக்கும். முதலில் ஆப்ப சோடாவையோ சலவைச் சோடாவையோ தூவி, பொங்கி அடங்கிய பிறகு கழுவ வேண்டும். பிளீச்சிங் பவுடரைத் தூவக் கூடாது. ஆசிட்டோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். இரண்டையும் அடுத்தடுத்து அடுக்கவும் கூடாது. மேலே பட்டுவிட்டால் சோடா எதுவும் வேண்டாம், ஓடும் தண்ணீரில் பதினைந்து இருபது நிமிடம் விடாமல் காட்ட வேண்டும். வாளித் தண்ணீரில் முக்கிக்கொண்டு நிற்பதில் பயன் குறைவு, அமிலம் அந்த வாளியிலேயே இருக்கும். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு. பேட்டரிக்கான கந்தக அமிலம் விற்பவர்கள் நீர்க்க வைக்கும்போது தண்ணீரில்தான் அமிலத்தைச் சிறிது சிறிதாக விட வேண்டும்; அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் அந்தச் சூட்டில் கொதித்து முகத்தில் தெறிக்கும்.