கைவினைக் கண்காட்சியில் வாங்கி விற்பவர்கள் – கடைக்காரர்களாகிய நமது நிலை என்ன?

அமாவாசை இரவில் மேல்மலையனூர் அங்காளபரமேசுவரி அம்மன் ஊஞ்சல் உற்சவத்துக்குத் திரளும் கூட்டத்தை இந்த வட்டாரத்து வணிகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம், திருவண்ணாமலை, சென்னை என்று நாலா பக்கத்திலிருந்தும் சிறப்புப் பேருந்துகள் வருகின்றன. மாசி மாதம் மயானக்கொள்ளையும் தேரும் வந்துவிட்டால் கூட்டத்துக்குக் கேட்கவே வேண்டாம். அந்தக் கூட்டத்தை நம்பி வீதி ஓரத்தில் வளையல், குங்குமம், கருகமணி, பொம்மை, பாத்திரம், பொரி என்று கடைகள் விரிகின்றன. விற்பவரே தம் கையால் செய்த பொருள் அவற்றில் மிகச் சொற்பம். கண்ணாடி வளையல் உத்தரப்பிரதேசத்து பிரோசாபாத்திலிருந்து வந்திருக்கும், பிளாஸ்டிக் பொம்மை எந்த ஊரிலிருந்து வந்ததோ. வாங்குகிறவர் யாரும் இதற்காகக் கடைக்காரரைக் குறை சொல்வதில்லை. ஏனென்றால் அவர், "நானே செய்தேன்" என்று பலகை எழுதி மாட்டவில்லை.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. அண்மைக் காலமாக கைவினைப் பொருள் கண்காட்சி, கைத்தறிக் கண்காட்சி, மகளிர் குழு விற்பனை விழா என்று எங்கு நடந்தாலும், "வாங்கி விற்பவர்கள் உள்ளே நுழைந்துவிட்டார்கள்" என்ற புகார் எழுகிறது. புகார் சொல்கிறவர்கள் சில சமயம் வாங்கி விற்பதே பாவம் என்பது போலப் பேசிவிடுகிறார்கள். ஒரு இடத்தில் வாங்கி, சுமந்து வந்து, இன்னொரு இடத்தில் விற்பதுதான் நம் தொழில். பருப்பை நாம் விளைவிப்பதில்லை, சோப்பை நாம் காய்ச்சுவதில்லை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அடுத்தவர் பெயரில், அடுத்தவருக்கென்று ஒதுக்கிய இடத்தில், அடுத்தவருக்குக் கொடுத்த சலுகையை எடுத்துக்கொண்டு விற்பதுதான் தவறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால் நமக்கும் நியாயம் கிடைக்காது, நெசவாளிக்கும் கிடைக்காது.

நம்மை இது எப்படிப் பாதிக்கிறது என்று சில வணிக நண்பர்கள் கேட்கலாம். கல்யாண மண்டபத்தைப் பத்து நாள் வாடகைக்கு எடுத்து, "கைவினைக் கண்காட்சி, நேரடி விற்பனை" என்று துணிப் பலகை கட்டுகிறார்கள். உள்ளே போனால் மில் போர்வை, அச்சு வார்ப்புப் பொம்மை, பாக்கெட் ஊறுகாய், பிளாஸ்டிக் சாமான். பண்டிகைக்கு முந்தைய பத்து நாளில் ஊர்ப் பணம் அங்கே போய்விடுகிறது. பதினோராம் நாள் மண்டபம் பூட்டிக் கிடக்கும். பொருளில் பழுது என்று வாடிக்கையாளர் யாரிடம் போய் நிற்பார்? வருடம் முழுக்க வாடகை, மின் கட்டணம், தொழில் உரிமம், வரி என்று கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் உள்ளூர்க் கடைக்காரருக்கு அந்தப் பத்து நாளும் நட்டம்.

வரி விஷயத்தைச் சற்று விரிவாகவே பார்க்கலாம். நம் மாநிலத்துக்குள்ளேயே சரக்கு மட்டும் விற்கும் சிறு வியாபாரிக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய் வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை என்பதை அறிவோம். வேறு மாநிலத்திலிருந்து வந்து சில நாள் மட்டும் கடை போடுகிறவரின் நிலை வேறு. அவரைத் தற்காலிக வரி செலுத்துநர் என்கிறது சட்டம். விற்றுமுதல் எவ்வளவு சிறியதானாலும் அவர் பதிவு செய்ய வேண்டும். வியாபாரம் தொடங்க ஐந்து நாளாவது முன்னதாக விண்ணப்பித்து, வரக்கூடிய வரியை மதிப்பிட்டு முன்பணமாகக் கட்ட வேண்டும். பதிவு, நீட்டிக்கப்படாவிட்டால், அதிகபட்சம் 90 நாள் செல்லும்.

கைவினைப் பொருள் விற்பவருக்கு 2017 செப்டம்பரில் இதிலிருந்து விலக்கு அளித்தார்கள். 2018-ல் அந்த அறிவிப்பைத் திருத்தி மறுபடி வெளியிட்டார்கள். விற்றுமுதல் 20 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும், பான் எண் இருக்க வேண்டும், சரக்குடன் இ-வே பில் வர வேண்டும் என்பவை நிபந்தனைகள். முக்கியமானது, பொருள் கைவினைஞரால் பெரும்பாலும் கையால் செய்யப்பட்டதாக இருக்க வேண்டும் என்பது. சிறிது இயந்திர உதவி இருக்கலாம். ஏழைக் கைவினைஞருக்காகத் திறந்து வைத்த வாசல் இது. மில் சரக்கைக் கைவினை என்று சொல்லி இந்த வாசல் வழியே நுழைகிறவர், நாம் கட்டும் வரியைக் கட்டாமல் நம்மோடு போட்டி போடுகிறார். வேறு வாதம் எதற்கும் போகாமல், இது ஒன்றே நம் சங்கம் தலையிடப் போதுமான காரணம்.

பவானியும் சோலாப்பூரும்

இந்த வழக்கை நன்றாகப் புரிந்துகொள்ள ஈரோடு மாவட்டத்து பவானிக்குப் போக வேண்டும். பவானி ஜமக்காளம் தெரியாத தமிழ் வீடு இல்லை. கைத்தறியில் நெய்யும் அந்தக் கெட்டியான, கோடு போட்ட விரிப்புக்குப் புவிசார் குறியீடும் உண்டு. 1985-ஆம் ஆண்டு கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் சில ரகங்களைக் கைத்தறிக்கு மட்டும் என்று ஒதுக்கியது. விசைத்தறிக்காரர்கள் வழக்காடியபோது உச்ச நீதிமன்றம் 1993-ல் சட்டம் செல்லும் என்றது. தொடக்கத்தில் 22 ஆக இருந்த ரகங்கள் பிற்பாடு 11 ஆகக் குறைந்தன. அந்தப் பதினொன்றிலும் ஜமக்காளம் இருக்கிறது.

இருந்தும் பவானி நெசவாளர்களின் நெடுநாள் முறையீடு என்ன? மராட்டிய மாநிலம் சோலாப்பூரில் விசைத்தறியில் ஓட்டிய விரிப்புகள், "பவானி ஜமக்காளம்" என்ற பெயரில் விலை குறைத்து விற்கப்படுகின்றன என்பதுதான். கண்காட்சிகளில் மட்டுமல்ல, கடைகளிலும் கூட. கைத்தறிக்காரர் ஒரு விரிப்புக்குச் செலவிடும் நேரத்தில் விசைத்தறி பல விரிப்புகளைத் தள்ளிவிடும். விலையில் அவர் எப்படி ஈடு கொடுப்பார்? கூலி கட்டவில்லை என்று அடுத்த தலைமுறை தறியை விட்டு இறங்கிவிடுகிறது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய வேடிக்கை ஒன்று உண்டு. சோலாப்பூருக்குப் பெயர் இல்லாமல் இல்லை. சோலாப்பூர் சாதர், அதாவது அவ்வூர்ப் போர்வை, தன் சொந்தப் பெயரிலேயே புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. சோலாப்பூர்ப் போர்வையை சோலாப்பூர் என்றே சொல்லி விற்கும் கடைக்காரரை யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. சிக்கல் எல்லாம் பெயரை மாற்றும்போதுதான். புவிசார் குறியீட்டுப் பெயரைப் பொய்யாகப் பயன்படுத்துவது 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். அது சரக்கைச் செய்தவருக்கு மட்டுமல்ல, தெரிந்தே விற்றவருக்கும் பொருந்தும். ஆகவே மொத்த வியாபாரி "பவானி" என்று சொல்லிக் கொடுத்தால், பில்லிலும் அப்படியே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் விஷயம் விளங்கிவிடும்.

டில்லியில் செய்து பார்த்த ஏற்பாடு

கைவினைஞருக்கென்று ஒரு சந்தை, நடுவில் வியாபாரி கிடையாது என்ற எண்ணத்தை நாடறியச் செய்து காட்டியது டில்லி ஹாட். 1994-ல் ஐ.என்.ஏ. சந்தைக்கு எதிரே திறந்தார்கள். ஜெயா ஜெட்லி முன்னின்று உருவாக்கிய திட்டம் அது. கடை நிரந்தரம் இல்லை. பதினைந்து நாள் முறை வைத்து, பல மாநிலக் கைவினைஞர்களுக்கு மாற்றி மாற்றித் தருவது ஏற்பாடு. குறைந்த வாடகை, நல்ல கூட்டம், நேரடிக் காசு. ஆனால் அங்கேயும் நாளடைவில் வியாபாரிகளும் வெளிநாட்டு இயந்திரச் சரக்கும் புகுந்துவிட்டதாகப் புகார் எழுந்தது. ஜெயா ஜெட்லியே அதைப் பலமுறை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

எப்படிப் புகுந்தது? அனுமதி கைவினைஞர் அட்டைக்குத்தான். அட்டைக்காரர் தம் பெயரில் கிடைத்த கடையை ஒரு தொகைக்கு வியாபாரியிடம் விட்டுவிட்டால் யார் கண்டுபிடிப்பது? இதில் கைவினைஞரை மட்டும் குற்றம் சொல்லவும் நமக்கு மனம் வரவில்லை. ரயில் செலவு, தங்கும் செலவு, தெரியாத மொழி, போதாததற்கு இரண்டு வாரம் தறியோ உளியோ சும்மா கிடக்கும். விற்காத சரக்கைத் திரும்பச் சுமக்கவும் வேண்டும். கையில் உடனே வரும் தொகை அவருக்குப் பெரிதாகப்படுகிறது. அந்தச் செலவையும் நட்டத்தையும் தாங்கத்தான் உலகத்தில் வணிகன் என்று ஒருவன் தோன்றினான். அவன் முன்வாசல் வழியாகத் தன் பெயரோடு வர இடம் வைக்காததால், பின்வாசல் வழியாக அடுத்தவர் அட்டையோடு வருகிறான் என்பது நமது கருத்து.

2016-லிருந்து மத்திய கைவினைத் துறை ஆதாருடன் இணைத்த "பெஹ்சான்" அட்டை வழங்குகிறது. ஆள் யார் என்பதற்கு அது சான்று. மேசை மேலிருக்கும் சரக்கு அவர் செய்ததுதானா என்பதற்குச் சான்று ஆகாது.

செய்தவரா, வாங்கி வந்தவரா என்று அறிய வணிகர்களாகிய நமக்குச் சில எளிய வழிகள் உண்டு. "இதே மாதிரி, அளவு மட்டும் கொஞ்சம் மாற்றி இருபது வேண்டும்" என்று கேட்டுப் பாருங்கள். செய்தவர் உடனே மனக்கணக்குப் போட்டு இத்தனை நாள் ஆகும், இந்த மூலப்பொருள் இப்போது கிடைக்காது என்று இழுப்பார். வாங்கி வந்தவர், "கேட்டுச் சொல்கிறேன்" என்பார், அல்லது நாளைக்கே தருவதாகச் சொல்வார்! அடுத்தது சரக்கின் எண்ணிக்கை. சுவாமிமலைச் சிற்பிகள் மெழுகில் உரு செய்து, மேலே மண் பூசி, உலோகம் ஊற்றியபின் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுப்பார்கள். ஆகையால் ஒன்று போல இன்னொன்று அச்சு அசலாக வராது. மேசை மேல் ஒரே முகத்தோடு முப்பது நடராசர் நின்றால், அவை சுவாமிமலை முறையில் பிறந்தவை அல்ல. 2021-ல் புவிசார் குறியீடு பெற்ற நமது பக்கத்துக் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கும் இந்தப் பார்வை உதவும். பின்பக்கத்தைத் திருப்பி உளித்தடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

மகளிர் குழுக்கள் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். ஒரு குழுவில் ஒருவர் அப்பளம் இடுவார், ஒருவர் கூடை முடைவார், விற்க வருகிறவர் மூன்றாமவராக இருப்பார். அவரை வாங்கி விற்பவர் என்று விரட்டுவது அநியாயம். கூட்டுறவுச் சங்க விற்பனையாளரும் அப்படித்தான். 1973-ல் தொடங்கிய பூம்புகார் நிறுவனமே கைவினைஞரிடம் வாங்கி விற்கும் நிறுவனம்தான். யார் செய்தது என்பதை மறைக்காமல் சொல்லி, செய்தவருக்குக் காசு போய்ச் சேர்ந்தால் அங்கே நமக்கு வழக்கில்லை.

நமது சொந்த அலமாரி

அடுத்தவர் கடையைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு நம் மளிகைக் கடை அலமாரியைப் பார்க்காமல் விடலாமா? மரச்செக்கு எண்ணெய், வீட்டு ஊறுகாய், கைக்குத்தல் அரிசி, கலப்படமில்லாத கருப்பட்டி என்று எத்தனை பலகைகள்! ஆலையில் ஆட்டிய எண்ணெயை டின்னில் வாங்கி, பாட்டிலில் ஊற்றி, "மரச்செக்கு" என்று ஒட்டினால், அது கல்யாண மண்டபத்துக்காரர் செய்வதே அன்றி வேறில்லை. கருப்பட்டியில் சர்க்கரை சேர்ப்பதும் ஊரறிந்தது. பதநீர் இறங்காத மாதத்தில், சர்க்கரை விலைக்குப் பக்கத்து விலையில் புதுக் கருப்பட்டி கொண்டு வருகிறவரிடம் எப்படிக் கட்டுப்படியாகிறது என்று கேளுங்கள்.

2011-ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகள் இதில் தெளிவாகவே இருக்கின்றன. தயாரித்தவர் ஒருவர், பொதி செய்தவர் வேறொருவர் என்றால் இருவர் பெயரும் முகவரியும் உறையில் இருக்க வேண்டும். பொதி மட்டும் செய்கிறவர் தயாரித்தவர் என்று போட்டுக்கொள்ளக் கூடாது. உணவுப் பொருளானால் உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணும் சேர வேண்டும். நம் உறையில் இவை சரியாக இருந்தால்தான், கண்காட்சிப் பாக்கெட்டில் இவை இல்லை என்று நாம் கேட்க முடியும்.

இனி சங்கங்கள் செய்யக்கூடியது. நமது ஊரில் இத்தகைய கண்காட்சி வரப்போகிறது என்று தெரிந்தவுடன், ரகளை செய்து மூடச் சொல்வது பயனற்றது. உண்மையான நெசவாளியும் குயவரும் அதில் இருக்கக்கூடும், அவர்கள் வயிற்றில் அடிப்பதாகிவிடும். முன்கூட்டியே நடத்துநரைச் சந்தித்து மூன்று விஷயம் கேட்கலாம். செய்தவர்களுக்கு ஒரு வரிசை, வாங்கி விற்பவர்களுக்குத் தனி வரிசை, வாடகையும் தனி. செய்தவர் வரிசையில் இருப்பவர், சக்கரமோ தறியோ ஊசியோ எதுவானாலும், மக்கள் பார்க்க அங்கேயே உட்கார்ந்து செய்து காட்ட வேண்டும். அரியானா மாநிலத்து சூரஜ்குண்ட் மேளாவில் இது வழக்கம்தான். மூன்றாவது, ஒவ்வொரு கடையும் பெயர், ஊர், கைபேசி எண்ணோடு பில் தர வேண்டும்.

நடத்துநர் ஒப்புக்கொண்டால் வாங்கி விற்பவர் வரிசையில் நம் உறுப்பினர்களே கடை எடுக்கலாம், தம் கடைப் பெயரை எழுதி, மேல்மலையனூர் வீதியில் விற்பது போலவே. ஒப்புக்கொள்ளாமல் "எல்லாமே கைவினை" என்று சாதித்தால், ஒரு பொருளைப் பில்லோடு வாங்கி வையுங்கள். வெளிமாநிலக் கடைகளின் வரிப் பதிவு குறித்து வணிகவரி அலுவலகத்துக்கும், எடை, உறை விவரங்கள் குறித்துத் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளருக்கும் சங்கத்தின் பெயரில் எழுதலாம். மில் பொருளைக் கைவினை என்று சொல்லி விற்றது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகத்தில் வரும் என்பதால், வாங்கிய வாடிக்கையாளர் அந்தப் பில்லைக் கொண்டு மாவட்ட ஆணையத்தை அணுகலாம். மனுவைக் கண்காட்சி நடக்கும் நாட்களிலேயே கொடுத்துவிட வேண்டும். மண்டபம் காலியான பிறகு ஆய்வுக்கு வருகிறவருக்குக் காட்ட அங்கே பந்தல் கயிறுதான் இருக்கும்.